ரஷ்ய மொழி தெரியாமல் ரஷ்ய நகரங்களுக்கு: சொந்தமாகத் திட்டமிடும் முறை

மாஸ்கோ, செயின்ட் பீட்டர்ஸ்பர்க், கசான் ஆகிய மூன்று நகரங்களையும் வழிகாட்டி இல்லாமல், குழுச் சுற்றுலாவின் கொடிக்குப் பின்னால் ஓடாமல், சொந்தமாகவே பார்த்து வரலாம். ரஷ்ய மொழியில் ஒரு சொல் தெரியாதவர்களும் போகலாம். மொழிதான் பெரிய தடை என்று எண்ணிப் பலர் பின்வாங்குகிறார்கள். ஆனால் இன்றைய நிலையில் அங்கே நம்மைத் தவிக்கவிடுபவை பணமும் இணையமும். நம் வங்கி அட்டை செல்லாது. கைப்பேசியில் இணையம் எப்போது வரும், எப்போது போகும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. எனவே அங்கே பேசித் தீர்க்க வேண்டியவற்றை இங்கேயே எழுதித் தீர்த்துவிட்டுப் புறப்பட வேண்டும். அந்த வரிசையில்தான் கீழே உள்ள படிகளை அடுக்கியிருக்கிறேன்.

போரைப் பற்றி ஒரு வார்த்தை. உக்ரைன் எல்லையை ஒட்டிய பகுதிகளைத் திட்டத்தில் சேர்க்கவே வேண்டாம். டிரோன் எச்சரிக்கை வந்தால் மாஸ்கோ விமான நிலையங்களே சில மணி நேரம் மூடப்படுவது உண்டு. ஆகவே வந்து இறங்கிய அன்றே அடுத்த ஊருக்கு ரயில் ஏறுவது போன்ற நெருக்கமான இணைப்புகளைத் தவிருங்கள். டிக்கெட் எடுப்பதற்கு முன் இந்திய வெளியுறவுத் துறையின் பயண அறிவுரையையும் படித்துவிடுங்கள்.

படி 1: காலமும் வழியும்

முதல் முறை போகிறவர்களுக்கு மே இறுதி முதல் செப்டம்பர் வரை நல்லது. ஜூனில் பீட்டர்ஸ்பர்க்கில் இரவு முழுதாக இருட்டுவதே இல்லை. டிசம்பரில் அதே ஊரில் பகல் வெளிச்சம் ஏறக்குறைய ஆறு மணி நேரம்தான். பனி பார்க்கும் ஆசை எல்லோருக்கும் உண்டு. ஆனால் கையுறையைக் கழற்றிக் கைப்பேசியில் மொழிபெயர்ப்பைத் தேடும் அனுபவத்தை இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

மாஸ்கோவில் இறங்கி, ரயிலில் பீட்டர்ஸ்பர்க் போய், திரும்பி வந்து, நாள் மீதமிருந்தால் இரவு ரயிலில் கசான். இதுவே எளிய வழித்தடம்.

படி 2: இ-விசா

2023 ஆகஸ்ட் முதல் இந்தியர்கள் ரஷ்யாவுக்கு இ-விசா எடுக்கலாம். அழைப்புக் கடிதமோ ஹோட்டல் முன்பதிவுச் சான்றோ கேட்பதில்லை. ரஷ்ய வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்தில் மட்டுமே விண்ணப்பியுங்கள். அதே தோற்றத்தில் இடைத்தரகர்களின் தளங்களும் இருக்கின்றன. அவை கூடுதல் பணம் கறப்பவை. கட்டணம் 52 டாலர் அளவில், நான்கு நாட்களில் முடிவு வரும். 2025 ஆகஸ்டில் விதி தளர்ந்தது: விசா 120 நாள் செல்லும், அதற்குள் ஒரே ஒரு முறை நுழைந்து 30 நாள் வரை தங்கலாம். இரவு 11 மணிக்கு இறங்கினாலும் அந்த நாள் முதல் நாளாகவே கணக்கில் சேரும்.

தமிழர்கள் கவனிக்க வேண்டியது பெயர்ப் பிரச்சினை. தலைப்பெழுத்து, தந்தை பெயர், காலியாக விடப்பட்ட குடும்பப் பெயர் என்று நம் பாஸ்போர்ட்டுகள் ஒவ்வொன்றும் ஒரு விதம். பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தில் அடியில் இயந்திரம் படிப்பதற்காக இரண்டு வரிகள் இருக்குமே, அங்கே பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே விண்ணப்பத்திலும் விமான டிக்கெட்டிலும் ரயில் டிக்கெட்டிலும் இருக்க வேண்டும். இ-விசாவைத் தாளில் அச்சிட்டுக் கொள்ளுங்கள். குறிப்பிட்ட எல்லைச் சாவடிகளில் மட்டுமே இந்த விசா செல்லும். மாஸ்கோ, பீட்டர்ஸ்பர்க், கசான் விமான நிலையங்களில் செல்லும். ரஷ்யாவில் செல்லுபடியாகும் மருத்துவக் காப்பீடும் எடுத்தாக வேண்டும்.

படி 3: பணம்

2022 மார்ச்சில் விசா, மாஸ்டர்கார்டு அட்டை நிறுவனங்கள் ரஷ்யாவில் சேவையை நிறுத்தின. அன்று முதல் இந்திய வங்கிகள் தரும் அந்த அட்டைகள் அங்கே வெறும் பிளாஸ்டிக். ஏடிஎம்மிலும் பணம் வராது. முழுச் செலவையும் ரொக்கமாகக் கொண்டுபோக வேண்டும் என்ற எண்ணத்தோடே கணக்குப் போடுங்கள்.

டாலரோ யூரோவோ எடுத்துச் செல்லலாம். வெளிநாட்டுப் பயணத்துக்கு நோட்டாக 3,000 டாலர் வரை மட்டுமே வாங்கலாம் என்பது ரிசர்வ் வங்கியின் பொது விதி. ரஷ்யாவுக்குப் போகிறவர்களுக்கு இதில் விலக்கு உண்டு. பணமாற்று முகவருக்கே சில சமயம் இது நினைவிருக்காது, நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள். நோட்டுகள் புதியவையாக, பேனாக் கோடோ முத்திரையோ கிழிசலோ இல்லாமல் இருக்கட்டும். அழுக்கு நோட்டை வங்கியில் திருப்பித் தந்துவிடுவார்கள். இந்திய ரூபாயை நம்பிப் போக வேண்டாம். விமான நிலையத்தில் அன்றைய செலவுக்கு மட்டும் மாற்றிக்கொண்டு, மீதியை நகரத்தில் வங்கிக் கிளைகளில் பாஸ்போர்ட்டைக் காட்டி மாற்றுங்கள். 10,000 டாலருக்கு மேல் கையில் இருந்தால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும்.

பணத்தை மூன்று இடங்களில் பிரித்து வையுங்கள். தொலைந்தால் ஊரிலிருந்து அனுப்பச் சொல்லி வாங்குவது எளிதல்ல.

படி 4: கைப்பேசி

2025 தொடக்கத்திலிருந்து வெளிநாட்டவர் சிம் வாங்க முக அடையாளமும் குரலும் பதிய வேண்டும், அரசுத் தளத்தில் கணக்கும் வேண்டும். சில நாள் பயணிக்கு அது தலைவலி. ரோமிங் எடுத்துப் போனாலும், நாட்டுக்குள் நுழைந்ததும் வெளிநாட்டு சிம்களின் இணையத்தை ஒரு நாள் நிறுத்தி வைக்கும் விதியை அண்மையில் கொண்டுவந்திருக்கிறார்கள். ஊர் முழுக்கவே கைப்பேசி இணையத்தை அணைத்துவிடும் நாட்களும் உண்டு. இன்ஸ்டாகிராமும் ஃபேஸ்புக்கும் முடக்கப்பட்டவை. வாட்ஸ்அப்பையும் நம்ப முடியாது. வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் நாளே கலங்கிப்போவார்கள்.

இணையமே இல்லை என்று வைத்துக்கொண்டு கைப்பேசியைத் தயார் செய்யுங்கள். யாண்டெக்ஸ் மேப்ஸ் அல்லது டூகிஸ் (2GIS) செயலியில் மூன்று நகரங்களின் வரைபடங்களையும், மொழிபெயர்ப்புச் செயலியில் ரஷ்ய மொழிக் கோப்பையும், மெட்ரோ வரைபடத்தையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். யாண்டெக்ஸ் கோ என்ற டாக்சிச் செயலியில் ஆங்கிலம் உண்டு, ரொக்கம் கொடுக்கும் வசதியும் உண்டு. போகும் இடத்தையும் கட்டணத்தையும் செயலியே ஓட்டுநரிடம் சொல்லிவிடுவதால் பேச வேண்டியதில்லை.

படி 5: 33 எழுத்துகள்

மொழி வேண்டாம், எழுத்து வேண்டும். ஒரு வாரம், தினமும் அரை மணி நேரம் போதும். சில எழுத்துகள் ஆங்கில வேடத்தில் நிற்பவை, அவற்றிடம்தான் ஏமாறுவோம். ஆங்கில எச் போல் இருப்பது 'ன', சி போல் இருப்பது 'ஸ', எக்ஸ் போல் இருப்பது 'ஹ', ஒய் போல் இருப்பது 'உ'. 'பென்' என்பதன் முதல் எழுத்து போல் இருப்பது 'ர', 'பஸ்' என்பதன் முதல் எழுத்து போல் இருப்பது 'வ'. இவை தெரியாதவருக்குக் கடைவாசலில் 'பெக்டோபா' என்று தெரியும் பலகை, தெரிந்தவருக்கு 'ரெஸ்தரான்' என்று சாப்பிடக் கூப்பிடும். பாங்க், பார், காஃபே, மெட்ரோ, கஸ்ஸா என்று பலகைகளில் பாதி தெரிந்த சொற்களாகவே இருக்கும். 'கஸ்ஸா' டிக்கெட் கவுன்டர், 'அப்த்யேகா' மருந்துக்கடை.

மெட்ரோ வாசலில் இன்னொரு சூட்சுமம் உதவும்: 'வ்ஹோத்' என்ற நான்கெழுத்துச் சொல் நுழைவாயில், 'விஹத்' என்ற ஐந்தெழுத்துச் சொல் வெளியேறும் வழி. இரண்டும் ஒரே மாதிரி தொடங்கி ஒரே மாதிரி முடியும். கூட்டத்தில் படிக்க நேரமில்லாதபோது எழுத்தை எண்ணிப் பாருங்கள்.

படி 6: ரயில்

மாஸ்கோவில் பல பெரிய ரயில் நிலையங்கள். போகும் ஊரின் பெயரையே பெரும்பாலும் நிலையத்துக்கு வைத்திருப்பார்கள். பீட்டர்ஸ்பர்க் ரயில்கள், அந்த ஊரின் பழைய பெயரான லெனின்கிராடைத் தாங்கிய லெனின்கிராட்ஸ்கி நிலையத்திலிருந்து, கசான் ரயில்கள் பெரும்பாலும் கசான்ஸ்கியிலிருந்து. இந்த இரண்டும் யரோஸ்லாவ்ஸ்கி நிலையமும் ஒரே சதுக்கத்தில் இருப்பதால், தவறான கட்டடத்துக்குள் நுழைந்தாலும் சாலையைக் கடந்தால் சரியாகிவிடும்.

பீட்டர்ஸ்பர்க்குக்கு சப்சான் என்ற அதிவேக ரயில் நான்கு மணி நேரத்தில் கொண்டுசேர்க்கும். இரவு ரயிலும் நல்ல அனுபவம். 1931 முதல் ஓடும் 'சிவப்பு அம்பு' இரவு 11.55க்குப் புறப்பட்டுக் காலை எட்டு மணி வாக்கில் சேரும். வகுப்புகள் நமக்குப் பழகியவைதான். பிளாட்ஸ்கார்த் என்பது கதவில்லாத 54 பெர்த் பெட்டி, நம் ஸ்லீப்பரைப் போலவே பக்கவாட்டுப் பெர்த்துகளும் உண்டு. ஒற்றைப்படை எண் கீழ், இரட்டைப்படை மேல். 37 முதல் 54 வரை பக்கவாட்டு. கூப்பே என்பது கதவுள்ள நான்கு பேர் அறை. கால் நீளமானவர்கள் பக்கவாட்டு எண்களைத் தவிருங்கள்.

ரயில்வேயின் தளத்தில் நம் அட்டை செல்லாது. வெளிநாட்டு அட்டையை ஏற்கும் முகவர் தளத்தில் சற்றுக் கூடுதல் விலைக்கு வாங்கலாம், அல்லது நிலையத்தின் கஸ்ஸாவில் ரொக்கம் தரலாம். கஸ்ஸாவில் பேச முயலாதீர்கள். ஊர், தேதி, ரயில் எண், வகுப்பு, எத்தனை பேர் என்று ரஷ்ய எழுத்தில் ஒரு தாளில் எழுதிப் பாஸ்போர்ட்டோடு நீட்டுங்கள். தேதியை நாள், மாதம் என்ற வரிசையில் நம்மைப் போலவே எழுதுவார்கள். நேரம் 24 மணிக் கணக்கு. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அம்மாள் சிரிக்க மாட்டார். அது கோபமில்லை, அங்கே அலுவல் முகமே அப்படித்தான். விலையைக் கால்குலேட்டரில் தட்டித் திருப்பிக் காட்டுவார். பணம் கொடுத்ததும் 'ஸ்பசீபா' என்று நன்றி சொன்னால் போதும்.

படி 7: மெட்ரோ

மாஸ்கோ மெட்ரோவில் ஆங்கில எழுத்திலும் பலகைகள் உண்டு, தடங்களுக்கு எண்ணும் நிறமும் உண்டு. டிரோய்கா என்ற பயண அட்டையை ரொக்கத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பீட்டர்ஸ்பர்க்கில் அதற்குப் பெயர் பதரோஷ்னிக். ஒரே சந்திப்பு நிலையத்துக்குத் தடத்துக்குத் தடம் வேறு பெயர் இருக்கும், குழம்ப வேண்டாம். மாஸ்கோவில் காதுக்கும் ஒரு திசைகாட்டி உண்டு: நகர மையத்தை நோக்கிப் போகும் ரயிலில் ஆண் குரல் அறிவிப்பு, மையத்தைவிட்டு விலகும் ரயிலில் பெண் குரல். வட்டத் தடத்தில் கடிகாரச் சுற்றுக்கு ஆண் குரல்.

பீட்டர்ஸ்பர்க்கில் வேறு சிக்கல். மயகோவ்ஸ்கயா போன்ற சில பழைய நிலையங்களில் நடைமேடைக்குச் சுவரும் இரும்புக் கதவுகளும் இருக்கும். ரயிலுக்குள்ளிருந்து பார்த்தால் நிலையத்தின் பெயரே தெரியாது. எத்தனையாவது நிறுத்தம் என்று எண்ணிக்கொண்டே போங்கள்.

படி 8: தங்குமிடம்

புக்கிங் டாட் காமும் ஏர்பிஎன்பியும் ரஷ்யாவைவிட்டு வெளியேறிவிட்டன. ஆஸ்ட்ரவோக் என்ற ரஷ்யத் தளம் இருக்கிறது. நேரில் ரொக்கம் கட்டும் ஹோட்டலாகத் தேர்ந்தெடுங்கள். வெளிநாட்டவர் தங்குவதை அரசிடம் பதிவு செய்வார்களா என்று மின்னஞ்சலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஏழு வேலை நாட்களுக்கு மேல் தங்கினால் அந்தப் பதிவு கட்டாயம், அதைச் செய்ய வேண்டியது ஹோட்டல்தான். எல்லையில் தரும் குடியேற்ற அட்டை என்ற சிறு தாளைப் பாஸ்போர்ட்டுக்குள்ளேயே வைத்திருங்கள், வெளியேறும்போது கேட்பார்கள்.

முகவரியை ரஷ்ய எழுத்தில் முழுமையாகப் படியெடுங்கள். தெருவும் கதவு எண்ணும் மட்டும் போதாது. ஒரே எண்ணில் 'கோர்புஸ்' என்று பல கட்டடங்கள், தனித்தனி வாசல்கள், வாசலுக்கொரு எண் என்று இருக்கும். மாடிக் கணக்கும் வேறு: நம் தரைத்தளம் அங்கே முதல் மாடி. பீட்டர்ஸ்பர்க்கில் வசிலியெவ்ஸ்கி தீவில் அறை எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரை கப்பல்கள் போக, நெவா ஆற்றுப் பாலங்களை ஏறக்குறைய ஒன்றரை மணியிலிருந்து விடியும் வரை தூக்கிவிடுவார்கள். அந்தக் காட்சியைப் பார்க்கக் கூட்டம் கூடும். அறை ஆற்றின் மறுகரையில் இருந்தால் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியதுதான்.

படி 9: சாப்பாடு, பார்வை நேரங்கள்

'ஸ்தலோவயா' என்ற பலகையைத் தேடுங்கள். தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நகர்ந்து, வேண்டியதை விரலால் காட்டி வாங்கும் உணவகம். சைவர்கள் 'பெஸ் மியாஸா', இறைச்சி இல்லாமல், என்று கேட்கலாம். ஆனால் பீட்ரூட் சூப்பான போர்ஷை மாட்டிறைச்சிச் சாற்றில்தான் பெரும்பாலும் காய்ச்சுவார்கள். விரத காலங்களில் பல உணவகங்களில் 'போஸ்ட்னயே' என்று தனிப் பட்டியல் இருக்கும். கிறிஸ்தவ விரத உணவு, இறைச்சியும் பாலும் முட்டையும் இராது. மற்ற நாட்களில் உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டை போன்ற வரெனிகி, காளான், கிரெச்கா என்ற தானியக் கஞ்சி, ஜார்ஜிய உணவகங்களில் லோபியோ என்ற பீன்ஸ் குழம்பு. காரம் வேண்டுமென்றால் ஊறுகாயை மூட்டையில் வையுங்கள்.

பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகமும் மாஸ்கோவின் திரெத்யாகோவ் ஓவியக் கூடமும் திங்கள் விடுமுறை. மாஸ்கோ கிரெம்ளின் கோட்டைக்கு வியாழன் விடுமுறை. பீட்டர்ஸ்பர்க் அருகே பெத்தர்ஹோஃப் அரண்மனையின் நீரூற்றுகள் அக்டோபருக்குப் பின் ஓடாது.

அவசர எண் 112. ஊர் திரும்பும் நாளுக்கு முன்தினமே மிச்ச ரூபிள்களை நகர வங்கியில் டாலராக மாற்றிக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் விலை குறைவு, இந்தியாவில் ரூபிளை வாங்க ஆளில்லை.