கேபினட்டுக்குள் காற்று எந்த வழியாகப் போகிறது?

கணினிக் கேபினட்டுக்குப் புது ஃபேன் வாங்கும் முன் ஒரு சோதனை. கனமான ஒரு கேமை 20 நிமிடம் ஓடவிட்டு, எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் பிராசசர், கிராபிக்ஸ் கார்டு இரண்டின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு அதே கேமை அதே 20 நிமிடம் ஓட்டுங்கள். 5 டிகிரிக்கு மேல் இறங்கினால் கேபினட்டுக்குள் காற்று போதவில்லை என்று அர்த்தம். ஓரிரு டிகிரிகூட மாறவில்லையா? கோளாறு வேறிடத்தில்: தெர்மல் பேஸ்ட் (பிராசசருக்கும் கூலருக்கும் இடையே பூசும், வெப்பம் கடத்தும் பசை) காய்ந்திருக்கும், அல்லது கூலர் பிராசசர் மேல் சரியாக உட்கார்ந்திருக்காது. அப்போது எத்தனை ஃபேன் மாட்டினாலும் பயன் இல்லை. இரண்டு முறையும் அறை வெப்பம் ஒன்றாக இருக்க வேண்டும். அறை 5 டிகிரி ஏறினால் உள்ளேயும் கிட்டத்தட்ட அவ்வளவு ஏறும்.

காற்றோட்டத்தில் எண்ணிக்கையைவிட வழிதான் முக்கியம். குளிர்காற்று முன்பக்கத்தில் நுழைந்து, கிராபிக்ஸ் கார்டையும் பிராசசர் கூலரையும் தொட்டு, பின்பக்கத்தில் மேலே வெளியேற வேண்டும். முன்னால் 140 மி.மீ. ஃபேன் இரண்டு அல்லது 120 மி.மீ. மூன்று, பின்னால் 120 மி.மீ. ஒன்று: பெரும்பாலான கணினிகளுக்கு இது தாராளம். இன்னும் ஒன்று மாட்டியே தீர வேண்டுமென்றால் கூரையில் பின்மூலையில், பிராசசருக்கு நேர் மேலே, வெளியே தள்ளும்படி மாட்டுங்கள். கூரையின் முன்மூலையில் மாட்டினால், முன்னாலிருந்து வரும் குளிர்காற்றைக் கூலரை எட்டும் முன்பே அது வெளியே இழுத்துவிடும். ‘வெப்பக்காற்று தானாக மேலே போகும்’ என்பதை வைத்துத் திட்டமிட வேண்டாம். ஃபேனின் உந்துதலுக்கு முன் அந்த விசை மிகச் சிறியது.

திசையில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். ஃபேனைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு முகத்தில் இறக்கைகள் திறந்தபடி இருக்கும். மறுமுகத்தில் மோட்டாரைத் தாங்கும் மெல்லிய கரங்கள் சட்டத்தோடு சேர்ந்திருக்கும். காற்று திறந்த முகத்தில் நுழைந்து கரங்கள் உள்ள முகத்தில் வெளியேறும். அழகுக்காக ‘ரிவர்ஸ்’ என்று விற்கப்படும் ஃபேன்களில் இது தலைகீழ். சந்தேகம் இருந்தால் ஓடும்போது ஒரு டிஷ்யூ துண்டைப் பிடியுங்கள், தெரிந்துவிடும்.

உள்ளே தள்ளும் காற்று வெளியேறுவதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். குறைந்தால், பின்பக்க ஸ்லாட் இடுக்கு, யூஎஸ்பி ஓட்டை என ஃபில்டர் இல்லாத வழிகளிலெல்லாம் தூசி உறிஞ்சப்படும். ஆனால் ஃபில்டர் அடைத்துக்கொண்டால் இந்தக் கணக்கு கவிழும். மாதம் ஒருமுறை கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள்.

இணைப்பில் கவனிக்க வேண்டியவை இரண்டு. மதர்போர்டின் ஒரு ஃபேன் இணைப்பு பொதுவாக 1 ஆம்பியர்தான் தாங்கும். ஒரே இணைப்பில் பல ஃபேன்களை மாட்ட உதவும் ஸ்ப்ளிட்டர் போடும் முன் ஒவ்வொரு ஃபேனின் லேபிளிலும் உள்ள ஆம்பியரைக் கூட்டிப் பாருங்கள். அடுத்தது, 3 பின் ஃபேனுக்கு பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) மின்னழுத்தத்தை மாற்றி வேகத்தைக் கட்டுப்படுத்தும் டி.சி. முறை, 4 பின்னுக்கு தனிக் கம்பியில் வரும் சைகையால் கட்டுப்படுத்தும் பி.டபிள்யூ.எம். முறை. 3 பின் ஃபேனை பி.டபிள்யூ.எம். முறையில் விட்டால் அது எப்போதும் முழுவேகத்தில் இரையும்.

வேகத்தை பயாஸில் இப்படித் தொடங்கலாம்: 50 டிகிரி வரை 40 சதவீதம், 70 டிகிரியில் 65, 85 டிகிரியில் 100. ஒரு சிக்கல் உண்டு. கேபினட் ஃபேன்கள் வழக்கமாகப் பிராசசரின் வெப்பத்தையே பின்பற்றும். கேம் ஆடும்போதோ கிராபிக்ஸ் கார்டுதான் அதிகம் கொதிக்கும். ஃபேன் கன்ட்ரோல் என்ற இலவச விண்டோஸ் மென்பொருளில் முன்பக்க ஃபேன்களைக் கிராபிக்ஸ் கார்டின் வெப்பத்தோடு இணைத்துவிட்டால் இது தீரும். சத்தம் நொடிக்கு நொடி ஏறி இறங்கி எரிச்சலூட்டினால், வேகம் மாறும் முன் காத்திருக்கும் நேரத்தை 3 நொடிக்கு மேல் வையுங்கள்.

முன்பக்கம் முழுக் கண்ணாடியாக இருந்தால் மேலே சொன்ன எதுவும் முழுப் பலன் தராது. காற்று ஓர இடுக்கில்தான் நுழைய வேண்டும். வாங்கும்போதே வலைமுகப்பு உள்ளதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) அடியில் இருந்து, கேபினட்டின் அடித்தட்டில் ஓட்டைகளும் இருந்தால், அதன் ஃபேன் கீழ்நோக்கி இருக்கட்டும். ஆனால் கேபினட்டை மெத்தென்ற விரிப்பின் மேல் வைக்கக் கூடாது, மூச்சடைத்துவிடும்.

எல்லாம் மாட்டி மூடிய பின் ஓர் ஊதுபத்தி கொளுத்துங்கள். முன்வலைக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் புகை நேராக உள்ளே இழுபட வேண்டும். அடுத்து பின் ஃபேனுக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். புகை சுவரில் மோதித் திரும்பி, கேபினட்டைச் சுற்றி முன்பக்கத்துக்கே வந்தால், வெளியேறிய சூடான காற்றே மறுபடி உள்ளே போகிறது. கேபினட்டைச் சுவரிலிருந்து 15 செ.மீ. முன்னால் நகர்த்திவிட்டு மீண்டும் பாருங்கள்.