ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின் சுகாதார விவாதங்கள்: அவைக்குறிப்பை வாசிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எடின்பரோவின் ஹோலிரூட் பகுதியில் உள்ள ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில், பிற்பகல் முழுவதும் நடந்த விவாதங்களுக்கான வாக்கெடுப்பு வழக்கமாக மாலை 5 மணிக்கு நடைபெறும். மருத்துவமனைகளில் நோயாளிகள் காத்துக் கிடப்பதைக் கண்டித்து எதிர்க்கட்சி ஒன்று தீர்மானம் கொண்டுவந்திருக்கிறது, அரசு அதற்கு ஒரு திருத்தம் கொடுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘தீர்மானம் நிறைவேறியது’ என்ற வரியை மட்டும் படிப்பவர், அவை அரசைக் கண்டித்துவிட்டதாக எண்ணிக்கொள்வார். நடந்தது அதற்கு நேர்மாறாக இருக்கலாம்.

காரணம் திருத்தத்தின் வாசகத்தில் இருக்கிறது. ‘கருதுகிறது என்ற சொல்லிலிருந்து இறுதிவரை உள்ளதை நீக்கி, பின்வருவதைச் சேர்க்கவும்’ என்பது அங்கே அன்றாடம் காணக்கூடிய திருத்த வாசகம். முதல் சில சொற்களைத் தவிர மூலத் தீர்மானத்தில் எதுவும் மிஞ்சாது. கண்டனம் இருந்த இடத்தில் ஊழியர்களுக்கு நன்றியும், ஒதுக்கிய நிதியின் பட்டியலும், இனி எடுக்கப்போகும் நடவடிக்கைகளும் வந்து உட்கார்ந்துவிடும். அரசுத் தரப்புக்குப் போதிய வாக்குகள் இருந்தால் திருத்தம் முதலில் ஏற்கப்படும். பிறகு ‘திருத்தப்பட்டவாறான தீர்மானம்’ வாக்கெடுப்புக்கு வரும். அதைக் கொண்டுவந்த கட்சியே அதை எதிர்த்து வாக்களிக்கும். வாக்குப் பட்டியலை மட்டும் பார்த்து ‘தங்கள் தீர்மானத்தையே எதிர்த்தார்கள்’ என்று எழுதுவது அந்த உறுப்பினர்களுக்குச் செய்யும் அநீதி. அவைக்குறிப்பில் அன்றைய நாளின் கடைசிப் பக்கங்களுக்குச் சென்று, இறுதியாக ஏற்கப்பட்ட முழு வாசகத்தைப் படித்த பிறகே எதையும் சொல்ல வேண்டும்.

இதோடு சேர்த்துக் கவனிக்க வேண்டிய சொல் ஒன்று உண்டு. வாக்கெடுப்புக்கு முன் அவைத்தலைவர், ‘இன்னாரின் திருத்தம் ஏற்கப்பட்டால் அடுத்தவரின் திருத்தம் விழுந்துவிடும்’ என்று அறிவிப்பார். முதல் திருத்தம் மூல வாசகத்தையே துடைத்துவிட்டால், இரண்டாவது திருத்தம் ஒட்டிக்கொள்ள இடமே இருக்காது என்பதுதான் இதன் பொருள். அப்படி விழுந்த திருத்தத்தை அவை நிராகரித்ததாக எழுதக் கூடாது. அதன் மீது வாக்கெடுப்பே நடக்கவில்லை. தனி உறுப்பினர்கள் எழுப்பும் பொருள்களுக்காக ஒதுக்கப்படும் விவாதங்களும் இப்படித்தான். ஓர் அரிய நோயைப் பற்றியோ ஒரு சிற்றூர் மருத்துவமனையைப் பற்றியோ அங்கே மனம் கலங்கப் பேசுவார்கள், அமைச்சரும் பதில் சொல்வார். ஆனால் முடிவில் வாக்கெடுப்பு கிடையாது. ‘நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டது’ என்று அதைக் குறிப்பிட இடமில்லை. அதோடு, வாக்கெடுப்பில் வென்ற தீர்மானமும் அவையின் கருத்தே தவிரச் சட்டம் அல்ல. அதற்கு அரசியல் எடை உண்டு, ஆனால் ஒரு வட்டாரத்தின் மருத்துவ சேவைகளை நடத்தும் சுகாதார வாரியத்தை அது நேரடியாகக் கட்டுப்படுத்தாது.

மசோதாக்களில் இதே தவறு வேறு வடிவில் வருகிறது. ஸ்காட்லாந்தில் மசோதா மூன்று கட்டங்களைக் கடக்க வேண்டும். முதல் கட்டத்தில் அதன் பொதுக் கொள்கை மட்டும் விவாதிக்கப்படும். இரண்டாவதில் குழு பிரிவு பிரிவாகத் திருத்தும். மூன்றாவதில் முழு அவை மீண்டும் திருத்தி இறுதி முடிவெடுக்கும். உயிர் நீக்க மருத்துவ உதவி கோரும் உரிமை பற்றிய மசோதாக்களின் வரலாறு இதை நன்றாகக் காட்டுகிறது. மார்கோ மெக்டொனால்ட் என்ற உறுப்பினர் கொண்டுவந்த மசோதா 2010இல் முதல் கட்டத்திலேயே 85க்கு 16 என்ற வாக்குகளில் தோற்றது. அவர் தொடங்கிவைத்த இரண்டாவது மசோதாவை, அவருடைய மறைவுக்குப் பின் பேட்ரிக் ஹார்வி முன்னெடுத்தார். அதுவும் 2015இல் 82க்கு 36 என்று தோற்றது. லியம் மெக்ஆர்தரின் மசோதா 2025 மே 13 அன்று 70க்கு 56 என்ற வாக்குகளில் முதல் கட்டத்தைத் தாண்டியது. அன்று ஆதரித்தவர்களில் சிலர், விவாதம் தொடர வேண்டும் என்பதற்காகவே ஆதரிக்கிறோம், இறுதிக் கட்டத்தில் இதே நிலையை எடுப்போம் என்று உறுதி கூற இயலாது என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். ஆகவே அந்த 70 வாக்குகளைச் சட்டத்துக்கான ஆதரவாக எண்ணியது, உரைகளைப் படிக்காமல் எண்ணிக்கையை மட்டும் படித்ததால் வந்த பிழை.

மூன்றாவது கட்டத்தைக் கடந்துவிட்டாலும் அவசரப்படக் கூடாது. மதுவில் உள்ள ஆல்கஹாலின் ஒவ்வோர் அலகுக்கும் (10 மில்லிலிட்டர் தூய ஆல்கஹால்) குறைந்தபட்ச விலையை நிர்ணயிக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 2012 மே மாதத்தில் நிறைவேற்றியது. ஸ்காட்ச் விஸ்கி சங்கம் நீதிமன்றம் சென்றது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய்த் திரும்பி, 2017 நவம்பரில்தான் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. அலகுக்கு 50 பென்ஸ் என்ற விலை 2018 மே 1 அன்று நடைமுறைக்கு வந்தது. சட்டத்திலேயே ஆறு ஆண்டு வரம்பு இருந்ததால், 2024 ஏப்ரலில் அவை மீண்டும் வாக்களித்து அதைத் தொடரச் செய்து, விலையை 65 பென்ஸாக உயர்த்தியது. புதிய விலை அந்த ஆண்டு செப்டம்பர் 30 முதல் அமலானது. ஒரே கொள்கை பற்றி 2012, 2018, 2024 ஆகிய ஆண்டுகளில் நடந்த விவாதங்களை ஒன்றாகக் கலந்து மேற்கோள் காட்டினால், எந்த உறுப்பினர் எந்த நிலையில் நின்று பேசினார் என்பதே தெரியாமல் போகும். மருத்துவ, பராமரிப்புத் துறைகளில் போதிய ஊழியர்களை அமர்த்துவதற்கான சட்டமும் அப்படியே: அது 2019இல் நிறைவேறியது, முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2024 ஏப்ரலில். இடைப்பட்ட ஆண்டுகளில் ‘சட்டம் இருக்கிறது’ என்று சொன்னவரும் பொய் சொல்லவில்லை, ‘சட்டம் செயல்படவில்லை’ என்று சொன்னவரும் பொய் சொல்லவில்லை.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு இன்னொரு தடுமாற்றம் இயல்பாகவே நேரும். இந்திய அரசமைப்பில் ஒன்றியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என்று மூன்று உண்டு. பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் வருகின்றன. அந்தப் பழக்கத்தில், ஸ்காட்லாந்துக்கு வழங்கப்பட்ட அதிகாரங்களின் பட்டியல் எங்கே என்று தேடுவோம். அப்படி ஒன்று கிடையாது. 1998ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து சட்டம் லண்டன் தன்னிடம் வைத்துக்கொண்டவற்றைத்தான் ஐந்தாவது அட்டவணையில் பட்டியலிடுகிறது. அதில் இல்லாத துறைகள் ஹோலிரூடின் பொறுப்பு. மருத்துவமனைகளும் குடும்ப மருத்துவர் சேவையும் அந்த அட்டவணையில் இல்லை. ஆனால் போதைப்பொருள் தடைச் சட்டம், மருந்துகளுக்கான உரிமம், மருத்துவர்கள் மற்றும் செவிலியர்களின் தொழில் ஒழுங்குமுறை, குடியேற்றம் ஆகியவை இருக்கின்றன. ஸ்காட்லாந்து மருத்துவமனைகளில் பணிபுரியும் நம்மவர்களின் விசா விதிகளைப் பற்றி ஹோலிரூடில் எவ்வளவு நேரம் பேசினாலும், அவற்றை மாற்றும் அதிகாரம் அந்த அவைக்கு இல்லை. பேசுவதற்கு அவர்களுக்குத் தடையில்லை என்பதால், பேசியதையே அதிகாரமாக எடுத்துக்கொள்ளும் குழப்பம் நேர்கிறது.

அதிகாரங்களைப் பிரிக்கும் இந்தக் கோடு நேராக ஓடுவதும் இல்லை. போதைப்பொருள் மரணங்களைப் பற்றிய விவாதங்களில் அது நன்றாகத் தெரியும். 1971ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் லண்டனுடையது. ஆனால் யார் மீது வழக்குத் தொடுப்பது என்ற முடிவு ஸ்காட்லாந்தின் தலைமை அரசு வழக்கறிஞருடையது. போதைப்பொருளைக் கண்காணிப்பின் கீழ் எடுத்துக்கொள்ள இடம்தரும் வகையில் கிளாஸ்கோவில் அமையவிருந்த பாதுகாப்பான நுகர்வு மையத்துக்குள் போதைப்பொருளை வைத்திருக்கும் பயனாளிகள் மீது வழக்குத் தொடுப்பது பொதுநலனுக்கு உகந்ததாகாது என்று அவர் 2023 செப்டம்பரில் அறிவித்தார். மையம் 2025 ஜனவரியில் திறக்கப்பட்டது. சட்டத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. ‘எங்கள் கையில் அதிகாரம் இல்லை’ என்று ஓர் அமைச்சர் சொல்லும்போதும், ‘இருக்கிறது, பயன்படுத்தவில்லை’ என்று எதிர்த்தரப்பு சொல்லும்போதும், எந்த அதிகாரத்தைக் குறிக்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அட்டவணையும் காலப்போக்கில் மாறியிருக்கிறது. கருக்கலைப்பு 2016 வரை லண்டனின் பொறுப்பில் இருந்தது. அதன் பிறகே கில்லியன் மெக்கேயின் தனிநபர் மசோதாவை ஏற்று, கருக்கலைப்பு சேவை தரும் இடங்களைச் சுற்றி 200 மீட்டர் பாதுகாப்பு வளையம் அமைக்கும் சட்டத்தை 2024 ஜூனில் 118க்கு 1 என்ற வாக்குகளில் ஹோலிரூடால் நிறைவேற்ற முடிந்தது. 2005ஆம் ஆண்டு விவாதத்தை எடுத்துவைத்து ‘அன்றே ஏன் செய்யவில்லை’ என்று கேட்பது பொருந்தாது.

‘1999இல் தேசிய சுகாதார சேவையிலிருந்து ஸ்காட்லாந்து பிரிந்தது’ என்று எழுதுவதும் தவறு. 1947ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தின்படி, 1948 ஜூலை 5 முதலே ஸ்காட்லாந்தின் அரசு மருத்துவ சேவை தனி அமைப்பாகத்தான் இயங்கிவருகிறது. ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் இயங்கத் தொடங்கிய 1999இல் மாறியது, அது யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான்.

எனக்கு மிகவும் கவலை தருவது புள்ளிவிவரங்களைக் கையாளும் விதம். 2011ஆம் ஆண்டின் நோயாளர் உரிமைச் சட்டம், சிகிச்சைக்காக 12 வாரங்களுக்கு மேல் காத்திருக்க வைக்கக் கூடாது என்ற உறுதியைத் தருகிறது. இந்த 12 வாரம் எப்போது தொடங்குகிறது என்பதைப் படிப்பவர்கள் குறைவு. மூட்டு வலியோடு குடும்ப மருத்துவரிடம் செல்லும் ஒரு மூதாட்டியை நினைத்துப் பாருங்கள். அவர் மருத்துவமனைக்குப் பரிந்துரைக்கப்படுகிறார், புறநோயாளியாக நிபுணரைப் பார்க்கப் பல மாதங்கள் ஆகின்றன, பரிசோதனைகள் நடக்கின்றன, அதன் பிறகு அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம் என்று மருத்துவரும் அவரும் ஒப்புக்கொள்கிறார்கள். அந்த ஒப்புதல் நாளில்தான் 12 வாரக் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. ‘என் தொகுதியைச் சேர்ந்தவர் ஓராண்டாக வலியில் துடிக்கிறார்’ என்று உறுப்பினர் சொல்வதும், ‘அவர் 12 வாரத்துக்குள்தான் இருக்கிறார்’ என்று அமைச்சர் சொல்வதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். இங்கிலாந்தின் 18 வார இலக்கு பரிந்துரை நாளிலிருந்தே எண்ணப்படுவது. 12ஐயும் 18ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது சிறந்தது என்று சொல்லும் கட்டுரை, அளவுகோலையே பார்க்காமல் அளந்த கட்டுரை.

அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவரை நான்கு மணி நேரத்துக்குள் கவனித்து அனுப்பிவிடவோ மருத்துவமனையில் சேர்த்துவிடவோ வேண்டும் என்ற இலக்கிலும் இதே சிக்கல் உண்டு. பெரிய அவசர சிகிச்சைப் பிரிவுகளை மட்டும் எண்ணினால் ஒரு விழுக்காடு வரும், சிறு காயங்களுக்கான மையங்களையும் சேர்த்தால் வேறு விழுக்காடு வரும். எதைச் சொல்கிறார் என்பதைப் பேசுபவர் பெரும்பாலும் ஒரே சொல்லில் குறிப்பிட்டிருப்பார். மேற்கோள் காட்டுபவர் அந்தச் சொல்லை விட்டுவிடக் கூடாது. நிதியிலும் அப்படியே. இங்கிலாந்தில் சுகாதாரத்துக்குக் கூடுதல் பணம் அறிவிக்கப்பட்டால், பிரிட்டிஷ் அரசு நிதியைப் பங்கிடப் பயன்படுத்தும் பார்னெட் சூத்திரத்தின்படி மக்கள்தொகையை ஒட்டிய பங்கு ஸ்காட்லாந்துக்கு வரும். ஆனால் அதைச் சுகாதாரத்துக்கே செலவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. செலவிடவில்லை என்பது அரசியல் குற்றச்சாட்டாக இருக்கலாம், சட்ட மீறல் ஆகாது.

அவைக்குறிப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது கிட்டத்தட்டச் சொல்லுக்குச் சொல்லான பதிவு. தடுமாற்றங்களும் திரும்பச் சொன்னவையும் சீர்செய்யப்பட்டிருக்கும். நம் சட்டமன்றங்களில் ‘அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது’ என்று கேட்டுப் பழகியவர்கள், அங்கேயும் சர்ச்சைக்குரிய சொற்கள் நீக்கப்பட்டிருக்கும் என்று எண்ணக் கூடாது. உறுப்பினர் ஒருவர் தவறான எண்ணிக்கையைச் சொல்லிவிட்டால், அதைத் திருத்தும் குறிப்பைப் பின்னர் பதிவுசெய்ய வழி இருக்கிறது. ஆகவே அமைச்சர் சொன்ன எண்ணை எடுத்தாளும் முன், பிற்பாடு திருத்தம் வந்திருக்கிறதா என்று பார்ப்பது கடமை.

வியாழக்கிழமைகளில் நண்பகலில் நடக்கும் முதலமைச்சர் கேள்வி நேரத்தில், கட்சித் தலைவர்கள் பெரும்பாலும் ஒரு நோயாளியின் கதையோடு எழுவார்கள். ஆம்புலன்ஸுக்காகத் தரையில் கிடந்த முதியவர், நிறைவேறாத வாக்குறுதியோடு மகளை இழந்த தாய் என்று அந்தக் கதைகள் நெஞ்சைப் பிசையும். அவற்றை அவைக்குக் கொண்டுவருவது நல்ல மரபு என்றே கருதுகிறேன். ஆனால் அந்த நேரத்தில் முதலமைச்சரிடம் அந்த நோயாளியின் மருத்துவப் பதிவு இருக்காது. இருந்தாலும் அவையில் படிக்க இயலாது. ‘விவரங்களை அனுப்புங்கள், சுகாதார அமைச்சர் விசாரிப்பார்’ என்ற பதிலை ஒப்புதல் வாக்குமூலமாகவும் எழுதக் கூடாது, கைகழுவலாகவும் எழுதக் கூடாது. சுகாதார வாரியத்தின் விளக்கம் வாரங்கள் கழித்து வரலாம், எழுத்துக் கேள்வி ஒன்றின் பதிலில் வரலாம், குழுவுக்கு வந்த கடிதத்தில் வரலாம். அந்தக் குடும்பத்தின் பெயரை நம் எழுத்தில் மீண்டும் பயன்படுத்துவதானால், அதையும் தேடிப் படித்துவிட்டுப் பயன்படுத்துவோம்.