ஜன்னல் செக்‌ஷன் ஸ்கிராப்பில் ஒளிந்திருந்த துத்தநாகம்

எல்எம்25 என்ற அலுமினிய வார்ப்புக் கலவையில் துத்தநாகம் 0.1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. எங்கள் 300 கிலோ உருக்கில் மூன்று நாளாக 0.4 வந்தது. உருக்கப் போடும் அலுமினியக் கட்டியை, அதாவது இங்காட்டைச் சந்தேகித்து வேறு லாட் போட்டோம், அதே 0.4. கலவையில் எது எவ்வளவு என்று அளக்கும் ஸ்பெக்ட்ரோ தவறாகக் காட்டுகிறதோ என்று சாம்பிளை வெளி லேபுக்கு அனுப்பினேன், அங்கேயும் அதேதான். மீதி இருந்தது ஜன்னல் செக்‌ஷன் ஸ்கிராப், அதாவது கழிவாக வந்த அலுமினிய ஜன்னல் சட்டங்கள். அதில் காந்தம் ஓட்டிப் பார்த்தாகிவிட்டது, ஸ்க்ரூவைத் தவிர எதுவும் ஒட்டவில்லை.

நாலாம் நாள், ஈரம் போக அடுப்பு விளிம்பில் வைத்த ஒரு செக்‌ஷன் நிமிர்ந்தே நின்றது. அதிலிருந்த கைப்பிடி மட்டும் மெழுகு மாதிரி தொங்கியது. அலுமினியம் இளக 600 டிகிரிக்கு மேல் வேண்டும். துத்தநாக வார்ப்புக்கு 400-க்குள்ளேயே போதும்.

பிரேமின் அதே பழுப்பு பவுடர் கோட்டிங் கைப்பிடியிலும் இருந்ததால்தான் கண்ணில் படவில்லை. காந்தமும் துத்தநாகத்தைப் பிடிக்காது. ஒரு கைப்பிடி 150 கிராம். எட்டு விழுந்தாலே 0.4 வந்துவிடும்!

இப்போது கைப்பிடி, லாக், ரோலர் எல்லாவற்றையும் கழற்றிக் கையில் தூக்கிப் பார்க்கிறோம். அளவுக்கு மீறிக் கனத்தால் தனி டப்பா. அடுத்த உருக்கு 0.06.