அச்சிட்ட டைட்டானியம் பாகத்தைப் பிளேட்டிலிருந்து அறுக்க அவசரப்படாதீர்கள்

மணவாளக்குறிச்சி கடற்கரையில் நடந்தால் காலில் ஒட்டும் கருமணலில் இருக்கிற இல்மனைட், டைட்டானியத்தின் தாது. மண் நம்முடையது, ஆனால் உலோகப் பவுடரை லேசரில் அடுக்கடுக்காக உருக்கிப் பாகமாக அச்சிட (3டி பிரிண்டிங்) நாகர்கோவிலிலிருந்து வெளியூருக்குத்தான் அனுப்புகிறேன். முதல் தடவை பிளேட்டோடு (பாகம் ஒட்டி வளரும் அடித்தட்டு) வந்த பாகத்தை ஆசையில் உடனே அறுத்துவிட்டேன். வெயிலில் போட்ட ஓலை மாதிரி வளைந்துகொண்டது.

காரணம் சிம்பிள். லேசர் உருக்கிய பவுடர் கண்ணிமைக்கும் முன் உறைந்துவிடுகிறது. கொல்லர் ரப்பர் பால்வெட்டுக் கத்தியைக் காய்ச்சித் தண்ணீரில் முக்குவாரே, கிட்டத்தட்ட அதே கதை, அத்தனை மோசமில்லை. கிரேடு 5 டைட்டானியத்தில் (6 சதவீதம் அலுமினியம், 4 சதவீதம் வனேடியம்) மார்டென்சைட், அதாவது சட்டென்று ஆறுவதால் பிறக்கும் கடினமான படிக அமைப்பு, ஊசி ஊசியாக உருவாகும். பலம் அதிகம், இழுபடும் தன்மை குறைவு, உள்ளே இழுவிசையும் தேங்கி நிற்கும், அறுத்ததும் அதுதான் பாகத்தை வளைக்கிறது.

அதனால் பிளேட்டில் இருக்கும்போதே 650 முதல் 800 டிகிரியில் இரண்டு மணிநேரமாவது சூடாக்கி, ஆறவிட்டு, அப்புறம் அறுங்கள். வேக்குவம் அல்லது சுத்தமான ஆர்கான் கட்டாயம். சாதா ஃபர்னஸில் வைத்தால் ஆக்சிஜன் ஏறி, மேலே நொறுங்கும் தோல் ஒன்று படியும். பாகம் நீலமாக வந்தால் அழகு என்று ரசிக்காதீர்கள், காற்று பட்டிருக்கிறது.

திரும்பத் திரும்ப சுமை ஏறி இறங்கும் பாகமா? அப்படியென்றால் ஹிப் (சூட்டோடு வாயு அழுத்தத்தால் எல்லாப் பக்கமும் அமுக்கும் முறை) செய்யுங்கள், செலவுதான், ஆனால் இங்கே கஞ்சத்தனம் வேண்டாம்: சுமார் 920 டிகிரி, 100 மெகாபாஸ்கல் ஆர்கான் அழுத்தம், இரண்டு மணிநேரம். உள்துளைகள் மூடும், ஊசிகள் கலைந்து தடித்த தகடுகளாகும், பலம் கொஞ்சம் இறங்கினாலும் பாகம் இழுபடும். மேற்பரப்புக்குத் திறந்திருக்கும் துளையை ஹிப் மூடாது. அச்சிடும்போதே துளைக்குள் சிக்கிய ஆர்கானும் எங்கும் போவதில்லை, பிறகு மறுபடி அதிகமாகச் சூடாக்கினால் துளை திரும்ப வீங்கலாம். 995 டிகிரி பக்கம் போகவே வேண்டாம், அதைத் தாண்டினால் படிகங்கள் ஊதிப் பெரிதாகிவிடும்.

சிலிக்கான் கலந்த அலுமினியப் பாகத்துக்கு இந்தச் சூட்டுக் கணக்கு எதுவும் பொருந்தாது. வார்ப்புப் பழக்கத்தில் நேரே டி6 (நன்றாகச் சூடாக்கி, தண்ணீரில் முக்கி, மறுபடி லேசாகச் சூடாக்குவது) போடுகிறார்கள், அது அச்சில் கிடைத்த மெல்லிய சிலிக்கான் வலையைக் கலைத்துவிடும். பெரும்பாலும் 300 டிகிரியில் இரண்டு மணிநேரம் போதும். வருஷத்தில் இரண்டு பருவமழை பார்க்கிற நம் ஊரில் யாராவது அலுமினிய பவுடர் வைத்திருந்தால் டப்பாவைத் திறந்து போடாதீர்கள், ஈரம் ஹைட்ரஜன் துளையாக மாறும்.

சரி, வேலை ஒழுங்காக நடந்ததா என்று எப்படித் தெரியும்? ஆர்டர் கொடுக்கும்போதே நின்றவாக்கில் ஒன்று, படுத்தவாக்கில் ஒன்று என இரண்டு சாம்பிள் துண்டுகள் கேளுங்கள். படிகங்கள் அச்சு உயரும் திசையிலேயே நீளமாக வளர்வதால் இரண்டும் ஒரே மாதிரி இருக்காது. பாகம் போகும் எல்லா ஃபர்னஸுக்கும் அவையும் போகட்டும். பிறகு பாலிஷ் போட்டு, எட்ச் செய்து (அமிலத்தால் லேசாக அரித்து) மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். டைட்டானியத்துக்கான எட்ச் திரவத்தில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கும், வீட்டு மாடியில் வைத்து விளையாடாமல் பொறியியல் கல்லூரி லேபில் கொடுங்கள். ஹிப் செய்த பிறகும் மெல்லிய ஊசிகள் தெரிந்தால் சூடு பத்தவில்லை, ஃபர்னஸ் சார்ட்டை (எவ்வளவு நேரம், எத்தனை டிகிரி என்ற பதிவு) கேட்டு வாங்குங்கள்.