தொழிற்சங்கம் வருகிறதென்றால் முதலாளிமார் செய்யக்கூடாதவை

கண்டி வீதியில் வவுனியா தொடங்கிப் பரந்தன் மட்டும் தங்குவிடுதிகளும் சாப்பாட்டுக் கடைகளும் பெருகிவிட்டன. சம்பளப் பதிவு பார்த்துக் கொடுக்கிற எனக்குப் புது முதலாளிமாரிடமிருந்து வரும் கேள்வி ஒன்றுதான்: "பெடியள் சங்கத்தில சேரப் போறாங்களாம், என்ன செய்ய?" கை நீட்டுவது, பொலிசைக் கூப்பிடுவது பற்றி இங்கே எழுதவில்லை. அது பிழை என்று அவர்களுக்கே தெரியும்.

முன்னுக்கு நிற்பவனை நிறுத்துவது

இதைச் சொல்லிச் சொல்லி வாய் உளைந்துவிட்டது. கிளிநொச்சிப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடை. பரிமாறும் பெடியன் ஒருவன் ஓவர்டைம் காசு கேட்டு, கொப்பித் தாளில் மற்றவர்களின் கையெழுத்தைச் சேர்த்திருக்கிறான். தாள் முதலாளியின் கண்ணில் பட்டது. அந்தக் கிழமையே, வேலை நேரத்தில் போன் பார்த்தானாம் என்று, காசு மேசையடியில் வைத்து "நாளையில இருந்து வரவேண்டாம் தம்பி" என்று கதையை முடித்துவிட்டார். எச்சரிக்கைக் கடிதம் இல்லை, விசாரணை இல்லை. நியமனக் கடிதமே கொடுத்திருக்கவில்லை.

பெடியன், வேலையால் நிறுத்தப்பட்டவர்கள் முறையிடுகிற தொழில் நியாய சபைக்குப் போனான். அதற்கு 6 மாதம் அவகாசம் உண்டு. நிறுத்தியதை ஒப்புக்கொண்டால், ஏன் நிறுத்தினேன் என்று நிரூபிக்க வேண்டியவர் முதலாளிதான். போன் பார்த்ததற்குச் சாட்சியாக அவர் நினைத்திருந்தது சமையல்காரரை. கொப்பித் தாளில் முதல் கையெழுத்தே அவருடையது!

சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை நிறுத்துவது குற்றம். கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் 1999 திருத்தம் அதைத் தெளிவாகவே சொல்கிறது. திரும்ப வேலைக்கு எடுக்கவோ நட்டஈடு கொடுக்கவோ சபை கட்டளையிடலாம். "சரி, ஆள் கூடிப்போச்சு என்று நிறுத்தினால்?" என்று கேட்பவர்களும் உண்டு. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், நிறுத்தப்படுபவரின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இல்லாமல் அது நடக்காது. 1971இலேயே வந்த சட்டம்.

உண்மையாகவே ஒழுக்கப் பிழை இருந்தால், நடந்த அன்றே எழுதுங்கள்: திகதி, நடந்தது என்ன, விளக்கம் கேட்ட கடிதம், அவர் தந்த பதில். சங்கக் கதை வந்த கிழமையில் திடீரென்று கண்ணில் படும் பிழையை யார் நம்புவார்?

வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனோடு கதைப்பது

வன்னியில் எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். "அம்மா, மகனுக்குக் கொஞ்சம் சொல்லுங்கோ" என்று நீங்கள் சாதாரணமாகத்தான் சொல்வீர்கள். தோட்டத்துக் கடனில் இருக்கும் குடும்பத்துக்கு அது வெருட்டலாகத்தான் கேட்கும்.

"சேரமாட்டேன்" என்று எழுதி வாங்குவது

உங்களுக்கு எதிரான சாட்சியை நீங்களே தயாரிக்கிறீர்கள்.

திடீர்ச் சம்பள உயர்வு

சேராமல் தடுக்கச் சலுகை காட்டுவதும் அதே 1999 திருத்தத்தில் பிழைதான்.

உங்கள் ஆட்களை வைத்துச் சங்கம் அமைப்பது

வேண்டாம்.

பேச மறுப்பது

7 பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதியலாம். சங்கம் யாருக்காகப் பேச வருகிறதோ அவர்களில் 40 வீதமானவர்கள் அதில் இருந்தால், நீங்கள் பேச மறுக்க முடியாது. குறைவாக இருந்தால் கட்டாயமில்லை. என்றாலும் ஒரு தேத்தண்ணியோடு இருந்து கேட்பதில் என்ன நட்டம்?

இருக்க முன்னம் உங்கள் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். சேமலாப நிதிக்கு (EPF) உங்கள் பங்கு 12 வீதம், அவர்களின் சம்பளத்தில் கழித்த 8 வீதம், நம்பிக்கை நிதிக்கு (ETF) 3 வீதம், எல்லாம் மாதாமாதம் போயிருக்கிறதா? நான் பார்த்த அளவில் பாதிச் சங்கக் கதை அங்கேதான் தொடங்குகிறது. பிந்தியிருந்தால் முதல் கூட்டத்திலேயே சொல்லி, எப்போது கட்டி முடிப்பீர்கள் என்று திகதி கொடுங்கள். பேசியதைத் தாளில் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்து வைத்து, ஒரு பிரதியை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.