காத்மாண்டு மண்ணை வரைபடமாக்குவதில் நேரும் தவறுகள்

காத்மாண்டுவின் பெரிய காய்கறிச் சந்தை இருக்கும் இடத்தின் பெயர் காலிமாட்டி. நேபாளியில் கறுப்பு மண் என்று பொருள். அந்தப் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் ஏரி. ஏரி வடிந்த பிறகு களிமண்ணும் வண்டலும் மணலும் மிஞ்சின; நடுப்பகுதியில் சில இடங்களில் 500 மீட்டருக்கும் மேல் ஆழம். நகரம் அதன்மேல்தான் பரவிக்கொண்டே போகிறது. நிலநடுக்கத்தில் எந்த இடம் எப்படி ஆடும் என்று அங்கே வரைபடம் போடும்போது சறுக்குவது எளிது.

பாறை என்றால் பச்சை, களிமண் என்றால் சிவப்பு என்று அடித்துவிடுவதுதான் பெரிய தவறு. 2015 ஏப்ரல் 25 அன்று வந்த 7.8 அளவு நிலநடுக்கத்தில், அதே பள்ளத்தாக்கின் கீர்த்திபூரில் பாறைமேல் இருந்த கருவி காட்டிய உச்ச முடுக்கம் (நிலம் எவ்வளவு வேகமாக உலுக்கப்பட்டது என்பதன் அளவு), களிமண்மேல் இருந்த கருவிகள் காட்டியதைவிட அதிகம்! அப்போது களிமண் சும்மா இருந்ததா? இல்லை. 4 முதல் 5 விநாடிக்கு ஒருமுறை, தொட்டில்போல் நிதானமாக ஆடியது. கட்டடத்துக்கும் ஒரு தாளம் உண்டு, ஒருமுறை ஆடி வர அது எடுக்கும் நேரம்; தோராயமாக மாடிக்கு 0.1 விநாடி என்று கணக்கு வையுங்கள். இரண்டு தாளமும் சேர்ந்தால்தான் ஆட்டம் பெருகும். மூன்று மாடி வீட்டின் தாளம் 0.3 விநாடி, மண்ணின் தாளத்தோடு அது சேரவில்லை. பயந்த அளவுக்குச் சின்ன வீடுகள் விழாததற்கு இது ஒரு முக்கியக் காரணம். 1985இல் மெக்சிகோ நகரத்தில் நடந்தது வேறு. அங்கும் பழைய ஏரிப் படுகைதான், ஆனால் ஆட்டம் 2 விநாடியை ஒட்டி இருந்தது. நடுத்தர உயரக் கட்டடங்கள்தான் அதிகம் அடிவாங்கின. ஆகவே ஒரே நிறத்தில் "ஆபத்து" என்று பூசினால் போதாது. எத்தனை மாடிக்கு ஆபத்து என்பதும் தெரிய வேண்டும்.

மேல் 30 மீட்டர் மண்ணில் அதிர்வு அலை போகும் வேகத்தை மட்டும் அளந்து வகை பிரிக்கும் வழக்கமும் இதோடு சேர்ந்த தவறுதான். கட்டட விதிகளுக்கு அது வசதிதான். ஆனால் அந்த நிதானமான ஆட்டத்தை உண்டாக்குவது அடியில் கிடக்கும் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழம்.

அப்புறம் தண்ணீர். நீர் நிறைந்த மணல் குலுங்கினால் கூழாகிவிடும். 2015இல் இது எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே நடந்தது. அது மழைக்கு முந்தைய வறண்ட மாதம் என்பதை மறந்துவிட்டு அந்த இடங்களைப் பத்திரம் என்று எழுதிவிடக் கூடாது. ஏப்ரலில் அளந்த நீர்மட்டத்தை வைத்து ஆகஸ்டுக்கும் சேர்த்துத் தீர்ப்புச் சொல்வது எப்படி?

கடைசியாக, மென்பொருள் செய்யும் மாயம். மண் பரிசோதனைக்குத் துளை போடுவது பெரும்பாலும் பெரிய கட்டடம் எழும் இடத்தில்தான். நேற்றுவரை நெல் வயலாக இருந்து இன்று மனை போட்டு விற்கும் ஓரப்பகுதியில் ஒரு துளைகூட இருக்காது. ஆனால் இடைவெளியை நிரப்பி மென்பொருள் அழகாக நிறம் கொடுத்துவிடும். பள்ளத்தாக்கின் லோகாந்தலி என்ற இடத்தில் 2015இல் நெடுஞ்சாலை பிளந்து இறங்கியது. சற்றுத் தள்ளி இருந்த நிலத்துக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. வரைபடத்தை நம்பி மனை வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது, அந்த நிறத்துக்கு அடியில் துளைகள் எங்கெங்கே இருக்கின்றன என்பதைத்தான்.