டொராண்டோவில் ஹைஸ்கூல்: பயப்பட வேண்டியது எதற்கு?

நாங்கள் வந்த முதல் வருடம் மகள் ஒன்பதாம் வகுப்பு. ஒரு மதியம் அவளிடமிருந்து குறுஞ்செய்தி: "ஹோல்ட் அண்ட் செக்யூர். பயப்படாதீங்க." போட்டது போட்டபடி ஓடினேன். பள்ளி வாசல் பூட்டியிருந்தது. பக்கத்துத் தெருவில் போலீஸ் யாரையோ தேடிக்கொண்டிருந்ததாம். உள்ளே அவள் கணக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள்.

அதனால் முதலில் இரண்டு சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள். ஹோல்ட் அண்ட் செக்யூர் என்றால் ஆபத்து வெளியே எங்கோ இருக்கிறது. வெளிக்கதவுகளைப் பூட்டிவிட்டு உள்ளே பாடம் நடத்துவார்கள். லாக்டவுன் என்றால் ஆபத்து பள்ளிக்குள்ளேயோ வளாகத்திலோ இருக்கலாம். வகுப்பறைகளையே பூட்டிவிட்டு எல்லோரும் சத்தமில்லாமல் பதுங்கியிருப்பார்கள். அந்த நேரம் பிள்ளைக்கு போன் செய்யாதீர்கள். மணி அடித்தால் அறையில் ஆள் இருப்பது தெரிந்துவிடும். ஒன்டாரியோவில் வருடத்துக்குக் குறைந்தது 2 லாக்டவுன் பயிற்சிகள் உண்டு. எனவே அந்தச் சொல்லைக் கேட்டதும் பதற வேண்டாம், பயிற்சியா என்று கேளுங்கள்.

அப்புறம், "அந்த ஸ்கூல் சரியில்லை" என்ற பேச்சு. வந்த ஒரு வாரத்திலேயே யாராவது உங்களிடம் சொல்லிவிடுவார்கள். அதில் உண்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 2007இல் சி. டபிள்யூ. ஜெப்ரிஸ் பள்ளிக்குள் ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 பிப்ரவரியில் நம் ஸ்கார்பரோவில் டேவிட் அண்ட் மேரி தாம்சன் பள்ளிக்குள் ஒருவர், அதே வருடம் அக்டோபரில் வோபர்ன் பள்ளிக்கு வெளியே இன்னொருவர். ஆனால் டொராண்டோ கல்விச் சபையில் மட்டும் 100க்கும் மேற்பட்ட ஹைஸ்கூல்கள் இருக்கின்றன. இப்படியான சம்பவங்கள் அரிது, அதனால்தான் அவை பள்ளியின் பெயரோடு பல வருடம் ஒட்டிக்கொள்கின்றன. போதாததற்கு அமெரிக்கச் செய்தியும் நம் வாட்ஸ்அப்பில் டொராண்டோச் செய்தியாகி வந்து சேரும்.

இந்தப் பயத்தில் வாடகையைக் கூட்டிக் கொடுத்து நகருக்கு வெளியே மார்க்கம் பக்கம் போனவர்களைத் தெரியும். சிலர் பிரேசர் நிறுவனத்தின் தரவரிசையைப் பார்த்து வீடு தேடுகிறார்கள். அது பரீட்சைப் புள்ளிகளை வைத்துப் போடுகிற பட்டியல். பாதுகாப்பை அதில் யாரும் அளக்கவில்லை.

2007 சம்பவத்துக்குப் பிறகு பள்ளிப் பாதுகாப்பை ஆராய்ந்த, வழக்கறிஞர் ஜூலியன் பால்கனர் தலைமையிலான குழு 2008 ஜனவரியில் கொடுத்த அறிக்கை முக்கியமாகச் சுட்டியது, பிள்ளைகள் வாய் திறப்பதில்லை என்பதை. நம் வீடுகளில் பெற்றோரும் அப்படித்தான். "புகார் கொடுத்தால் குடியேற்றப் பேப்பருக்குச் சிக்கல் வரும்" என்று நினைக்கிறோம். வராது. பிள்ளையை யாராவது அடித்தாலோ மிரட்டினாலோ வைஸ் பிரின்சிபலைக் கேளுங்கள், தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் கேளுங்கள். கடுமையான சம்பவம் எது தெரியவந்தாலும் ஆசிரியர்கள் அதை அதிபரிடம் சொல்லியே ஆகவேண்டும் என்பது இங்குள்ள சட்டம். பிள்ளைக்கு வீட்டில் சொல்ல முடியாதது இருந்தால் கிட்ஸ் ஹெல்ப் போன் இருக்கிறது: 1-800-668-6868, இரவு பகல் எந்நேரமும்.

அன்றாடத் தொல்லைகள் வேறு மாதிரியானவை. ஸ்னாப்சாட் குழுவில் நடக்கிற கேலி, பள்ளி விட்டதும் பஸ் நிறுத்தத்தில் வருகிற தள்ளுமுள்ளு. எல்லாவற்றையும்விட, கழிவறை. அங்கே கூட்டமாக நின்று வேப் இழுப்பார்கள், போனில் படம் எடுப்பார்கள். பயந்த பிள்ளை காலையிலிருந்து தண்ணீரே குடிக்காது. கொடுத்தனுப்பிய போத்தல் நிறைந்தபடியே திரும்பி வருகிறதா, வீட்டுக்குள் நுழைந்ததும் பிள்ளை நேராக பாத்ரூமுக்கு ஓடுகிறதா என்று பாருங்கள். "ஸ்கூல் எப்படி?" என்று கேட்டால் "ஓகே" என்றுதான் பதில் வரும். "எந்த வாஷ்ரூமுக்குப் போவாய்?" என்று கேட்டுப் பாருங்கள்.

என் மகள் இரண்டு வருடம் ஜிம் ஆசிரியர்களின் அறைக்குப் பக்கத்தில் இருந்த ஒன்றுக்கு மட்டும்தான் போனாளாம். பன்னிரண்டாம் வகுப்பில்தான் எனக்குச் சொன்னாள்.